ஏழு பேர் ஏறிய கப்பல்

பார்க்டேலில் ஒரு பழம்பொருள் கடை. ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய புது வீட்டின் கூடத்தில் மாட்ட, சிவா அங்கிளும் அன்ரியும் படம் தேடுகிறார்கள். ஊர் பார்க்க வந்த நானும் கூடவே வந்திருக்கிறேன்.

அங்கிளுக்குப் பிடித்துப்போவது ஒரு ஜப்பானிய அச்சுப்படம். அதிர்ஷ்டம் தரும் ஏழு தெய்வங்கள் ஒரே கப்பலில் வருகிறார்கள். தூண்டிலும் மீனுமாக ஒருவர், தொப்பை குலுங்கச் சிரிக்கும் ஒருவர். ஒரேயொரு பெண், மடியில் வீணை போன்ற வாத்தியத்துடன்.

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிகிறார்.

"ஆறு ஆம்பிளையளுக்கு நடுவிலை இவ ஆறுதலா இருந்து வாசிக்கிறா. அப்ப சமையல் ஆர்?"

"ஆம்பிளையள்தான் சமைக்கினம் போல," அங்கிள் யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்.

"அப்ப உந்தப் படத்தைக் குசினியிலை கொழுவுங்கோ. நீங்கள் பாத்துப் பாத்துச் சமைக்கலாம்."

அங்கிள் உதவிக்கு என்னைப் பார்க்கிறார். நான் கப்பலின் பாயைப் பார்க்கிறேன்.