வளைகாப்புக்குத் தடையில்லை என்று நான் சொன்ன கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்

இன்று காலை மருத்துவமனையில், என் மனைவியின் கண்ணாடி வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தார்கள்.

நண்பர்களே, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

இன்புளுவென்சா காய்ச்சல் கோலாலம்பூருக்கு வந்தபோது என் மனைவி மங்களத்துக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. பொது இடங்களில் கூட்டம் கூடக் கூடாது என்று சுகாதார அதிகாரி நோட்டீஸ் ஒட்டினார்.

பக்கத்து ரயில்வே குவாட்டர்ஸில் இருக்கும் சுப்பையா கேட்டார். "வக்கீல் ஐயா, நோட்டீஸ் போட்டிருக்கே, வளைகாப்பு வைக்கலாமா?"

நோட்டீஸை இரண்டு முறை படித்தேன். பொது இடம் என்றுதான் இருந்தது. வீடு என்ற சொல்லே இல்லை. தடையில்லை என்றேன்.

"சட்டத்துல சந்து கண்டுபிடிக்க உங்க மாதிரி ஆள் வேணும்யா!" என்று சிரித்தார். (எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.)

மங்களம் மட்டும், "நம்ம வளைகாப்பை ரெண்டு வாரம் தள்ளி வைக்கலாமேங்க, ஊரெல்லாம் இருமுது" என்றாள்.

அவளுக்கும் அந்த நோட்டீஸைப் படித்துக் காட்டினேன்!

வெள்ளிக்கிழமை வீடு நிறையப் பெண்கள். முதல் வளையல் போடுவதற்காக அவளுடைய சித்தி கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருந்தார். ஐந்து பிள்ளை பெற்ற சுமங்கலி. அவர் கையால் போட்டால்தான் விசேஷம்.

சித்தி வாசலிலேயே இருமினார்.

"என்ன சித்தி, உடம்பு சரியில்லையா?"

"அட போடி, வறட்டு இருமல். கிள்ளான்ல யாருக்குத்தான் இல்ல? கன்னத்தைக் காட்டு."

சந்தனம் பூசினார். வளையல் அடுக்கினார். புளிச்சோற்றை உருட்டித் தம் கையாலேயே ஊட்டினார். அவருக்குப் பின் ஒவ்வொருவராக வந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, அதையே செய்தார்கள்.

நான் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காய்ச்சல். செவ்வாய்க்கிழமை அவள் உதடு நீலமாகிவிட்டது.

மருத்துவமனையில், டாக்டருக்கு உதவியாக இருக்கும் யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, மற்ற ஆக்களுக்கு வாற மாதிரி இல்லை இது. பிள்ளைத்தாச்சிக்கு வயிறு மேல தள்ளி நிக்குது, மூச்செடுக்க இடமில்லை. எங்களால ஏலுமானதைச் செய்யிறம்."

(சித்தி எழுந்து நடமாடுகிறாராம். ரசம் கேட்டுச் சாப்பிட்டாராம்.)

நேற்று மாலை பிள்ளை பிறந்தது. ஆண். அழவில்லை.

மங்களத்துக்கு இன்னும் நினைவு சரியாகத் திரும்பவில்லை. அதனால் சொல்லவும் இல்லை. பிழைப்பாளா என்ற கேள்விக்கு, "இண்டைக்குப் பொழுது போகட்டும் ஐயா" என்பதற்கு மேல் டிரெஸ்ஸர் ஒன்றும் சொல்லவில்லை.

கைக்குட்டையைக் கொடுத்த நர்ஸ் மிஸ்ஸி சொன்னார்: "கை வீங்கிப்போச்சு ஐயா, கழட்ட வேண்டியதாயிடுச்சு. ஒண்ணுகூட உடைக்கல. உடைச்சுடாதீங்க, அவருக்கு ஆகாதுன்னு நேத்து அழுதாங்க. சோப்புத் தண்ணி விட்டு ஒவ்வொண்ணா எடுத்தேன்."

பிரசவம் பார்த்தவருக்கே அந்த வளையல்களைக் கொடுப்பது எங்கள் வழக்கம். கைக்குட்டையை அவரிடமே நீட்டினேன்.

"வேணாங்க. புள்ள அழுதிருந்தா வாங்கியிருப்பேன்."

வீடு திரும்பினால் வாசலில் சுப்பையா. "ஐயா, என் தங்கச்சிக்கு ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. வீட்டுக்குள்ளதான்! நீங்க சொன்ன அதே பாயிண்ட்!" நேற்று நடந்தது அவருக்குத் தெரியாது.

கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினேன். பிள்ளையைப் பற்றிச் சொன்னேன்.

சுப்பையா செருப்பை மாட்டிக்கொண்டார். "கிள்ளான்ல இருக்கற எங்க சொந்தக்காரங்களுக்குத் தந்தி குடுத்துடறேன். யாரும் வரவேணாம்னு."

என் விளக்கம் நோட்டீஸின் வாசகத்துக்குப் பொருந்தியதே. இன்றும் எந்த நீதிமன்றத்திலும் நிற்கும்.

ஆயினும் அதை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். இதை யார் யாரிடம் சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

உங்களில் யாரேனும் என் பேச்சை நம்பி நாள் குறித்திருக்கிறீர்களா?