பதினெட்டு நிமிடப் பாட்டும் மணியம்மாவின் செருப்பும்

போன சனிக்கிழமை எங்கள் கிளப் ஹாலில் ஊரே ஆடிக்கொண்டிருந்தபோது, வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

பாபு. ‘டீப் லெவல்’ என்கிற எங்கள் ஊர் மெட்டல் இசைக்குழுவின் ரசிகன். ரசிகர்களில் ஒருவன் என்று எழுதத்தான் ஆசை... ஆனால் வேறு யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

“இன்னா பாபு, உள்ள உன் ஆளுங்க வாசிக்கிறாங்க. நீ இங்க நிக்கிற?”

“அவங்க என் ஆளுங்க இல்ல சார். நாலு நிமிஷத்துல பாட்டு முடிஞ்சிடுது. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே தாளம். இதுக்கா நான் பூதிகோட்டைலேர்ந்து சைக்கிள் மிதிச்சிக்கினு வரேன்? வித்துட்டாங்க சார், மொத்தமா வித்துட்டாங்க.”

யாரிடம் விற்றார்கள், என்ன விலைக்கு என்று கேட்க நினைத்தேன். அழுகிற மனிதனிடம் கேட்கிற கேள்வியா அது? விட்டுவிட்டேன்.

டீப் லெவலில் நாலு பேர். தலைவன் கஜேந்திரன் — கஜா. நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து லேத்தில் நிற்பவன். அவன் அப்பா முருகேசன் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்குள் இன்னும் இறங்கிக்கொண்டிருப்பவர். அம்மா மணியம்மா, அவர் மேலே ஏறி வரும்வரை சாப்பிடாதவர்.

கஜாவுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு கேசட் கிடைத்தது. அன்றோடு என் டீ பிரேக்குகளின் நிம்மதி போயிற்று. வெறும் மெட்டல் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். “புரோக்ரெசிவ் மெட்டல்ண்ணா” என்று திருத்துவான். என்ன வித்தியாசம் என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். மேசையில் விரலால் தட்டிக் காட்டினான். ஏழு தட்டு, அப்புறம் ஐந்து, மறுபடி ஏழு, நடுவில் திடீரென்று ஒரு பதினொன்று. என் டீ ஆறிப்போனது.

“புரியுதாண்ணா?”

“புரியுது. கணக்கு வாத்தியாரா ஆயிருக்கலாம்டா நீ.”

எங்கள் ஊரில் பாட்டுக்கு ஒரே ஒரு பரீட்சைதான் — ஆட முடியுமா, முடியாதா? வெள்ளைக்காரன் தங்கத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஜைவ், வால்ட்ஸ் நடனங்களை விட்டுவிட்டுப் போனான். கல்யாணமோ, கிறிஸ்துமஸோ, ரிட்டயர்மென்ட் பார்ட்டியோ — நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடவில்லை என்றால் அது விசேஷமே இல்லை, இரங்கல் கூட்டம். ஏழு தட்டுக்கு எப்படி ஆடுவது? ஒரு கால் மிச்சப்படாதா?

கஜாவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவன் ஒரு காவியம் செய்துகொண்டிருந்தான். பெயர் ‘கேஜ்’. ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குமே, அந்தக் கம்பிக்கூண்டுதான் பாட்டு. மேலே மணி அடிப்பதில் ஆரம்பித்து ஒவ்வொரு லெவலாக இறங்கும். இறங்க இறங்க சுருதியும் இறங்கும், தாளமும் மாறும். அடித்தளம் வந்து சேரப் பதினெட்டு நிமிடம். நிஜக் கேஜ் இதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும் என்று முருகேசன் சொன்னதாகக் கேள்வி.

கிளப் ஆண்டு விழாவில் அரங்கேற்றம். மதிய விருந்துக்கு முன்னால் என்று நேரம் கொடுத்தார்கள். பசியோடு இருக்கிறவர்கள் ஓடிப்போக மாட்டார்கள் என்கிற கணக்கோ என்னவோ. மணியம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகன் மேடையேறி வாசிப்பதை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். முருகேசன் முதல் ஷிப்ட்டில் கீழே இருந்தார்.

பாட்டு இறங்கிற்று. இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட, அது எனக்கும் தொற்றியது. கடைசியில் கிடார் நின்றது, டிரம் நின்றது. ஹாலில் ஒரு சத்தம் இல்லை. நான்கூட முடிந்துவிட்டது என்று கைதட்டத் தயாரானேன்.

அப்போதுதான் வந்தது அந்த ‘தொம்’.

கஜா அதற்காகத் தனியாக வேலை செய்திருக்கிறான். இரவல் வாங்கிய இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை, நாங்கள் ஆடுகிற மரத்தரையின்மேல் குப்புறப் படுக்க வைத்திருக்கிறான். சத்தம் காதுக்கு வரவில்லை, உள்ளங்காலில் ஏறிற்று. விருந்துக்கு அடுக்கி வைத்திருந்த கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால், மேலே எங்கள் வீடுகளில் தரை இப்படித்தான் தொம்மென்று குலுங்கும். அலமாரியில் பாத்திரம் ஆடும். ராக் பர்ஸ்ட் என்போம். அது வந்தால் இங்கே யாரும் கத்த மாட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலுக்குப் போய் நிற்பார்கள். தன் வீட்டு ஆள் மேலே வரும்வரை நிற்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கால் தானாகப் போகும்.

அன்றும் போயிற்று. மணியம்மாதான் முதலில் எழுந்தார். செருப்பைத் தேடவில்லை, வெறுங்காலோடு நடந்தார். பின்னாலேயே ஹால் முழுக்க எழுந்தது. கொட்டாவி விட்டவர் என்னை முந்திக்கொண்டு போனார்.

கஜா கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற ரகம். பாட்டில் அதற்கப்புறமும் ஏதோ பாக்கி இருந்ததாம். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், எதிரே வெறும் நாற்காலிகள். நடுவில் பாபு மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவன் பூதிகோட்டைக்காரன், ராகி விளைவிக்கிற குடும்பம். அவன் வீட்டில் யாரும் சுரங்கத்தில் இறங்கியதில்லை. அவனுக்கு அது வெறும் பாட்டு.

ஷாஃப்ட் வாசலில் வாட்ச்மேன் எங்கள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோனார்.

“இன்னாங்க, ஊரே வந்துக்கீறீங்க?”

“கீழ இன்னா ஆச்சு?” என்றார் மணியம்மா.

“கீழ ஒண்ணும் ஆவலியே.”

நம்புவார்களா? ஒன்றும் ஆகவில்லை என்றுதானே முதலில் எப்போதும் சொல்வார்கள். எல்லாம் கஜாவின் ஸ்பீக்கர் வேலை என்று தெரிந்து நாங்கள் சிலர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினோம். மணியம்மா நகரவில்லை. ஷிப்ட் முடிந்து கேஜ் மேலே வந்து, முகமெல்லாம் அழுக்கோடு முருகேசன் வெளியே வந்தார். பட்டுப்புடவையோடு நிற்கிற மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாடி, யாருக்குக் கண்ணாலம்?”

அதைச் சொல்லிச் சொல்லி ஊர் ஒரு மாதம் சிரித்தது. மணியம்மா சிரிக்கவில்லை. மகனைத் திட்டவும் இல்லை. தட்டில் சோறு வைப்பார், பேச மாட்டார். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு வாக்கியம்: “இனிமே நீ வாசிக்கிற எடத்துக்கு என்னக் கூப்டாத.”

அதை என்னிடம் சொல்லும்போது கஜா லேத்தை நிறுத்திவிட்டிருந்தான். கிளப் அவனைத் தடை செய்திருந்தால்கூட பெருமையாகச் சொல்லித் திரிந்திருப்பான். மெட்டல் ஆட்களுக்குத் தடை என்பது மெடல் மாதிரி. ஆனால் அம்மா வர மாட்டேன் என்றது அவனை உடைத்துவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. அவனைக் கேலி செய்து எழுதுகிற நான், அன்று அவனுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தேன்.

பிறகு பாட்டை வெட்ட ஆரம்பித்தான். முதலில் போனது அந்த ‘தொம்’. அது போனதும், அதற்கு முன்னால் வந்த மௌனம் எதற்கு? அதுவும் போயிற்று. பதினொன்று போயிற்று, ஏழு போயிற்று. டிரம் வாசிக்கிறவனுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாளும் அவன் எண்ணவே இல்லையாம், கஜாவின் தலையாட்டலைப் பார்த்துத்தான் அடித்தானாம். மிச்சம் நாலு நிமிடம். குதிக்கிற தாளத்தில், கூடவே பாடுகிற மாதிரி ஒரு பாட்டு.

கஷ்டமாக ஒன்றைச் செய்தால் ஒரு பாபு கிடைப்பான். சுலபமாகச் செய்தால் ஊரே கிடைக்கும், பாபு போய்விடுவான். இது சங்கீதத்துக்கு மட்டுமா? இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் முதலில் எழுதிய வாக்கியங்களின் நீளம் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆசிரியர் கத்தரிக்கோல் எடுத்தார். இப்போது பஸ்ஸில் நாலு பேர் படிக்கிறார்கள்.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். கஜா ஒரு மாதம் கெஞ்சியதில், மணியம்மா வந்தார். ஆனால் முன்வரிசையில் உட்காரவில்லை. கதவோரம், ஒரு நாற்காலி நுனியில், செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தார். மேடையில் கஜா முதல்முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தான். பார்வை முழுக்க அந்தச் செருப்பின் மேல்தான்.

ஊர் எழுந்து ஆடியது. கொட்டாவிக்காரர் தன் சம்பந்தியோடு ஆடினார். முருகேசன் சும்மா இருப்பாரா? மனைவி கையைப் பிடித்து இழுத்தார். “சீ, வுடுங்க” என்றார் மணியம்மா. அப்புறம் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

பாட்டு முடிந்து கஜா மேடையிலிருந்து குதித்து நேராக அம்மாவிடம் வந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“எப்டிமா இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுடா. காலு தன்னால ஆடுது.” புடவை முனையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஆனா அந்தப் பழைய பாட்டு... எறங்கிக்கினே போவுமே, அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்.”

“அத எடுத்துட்டேன்மா. இனிமே வாசிக்க மாட்டேன்.”

“ஏன் வாசிக்க மாட்ட? இவரு தெனம் எங்க போறாருன்னு அன்னிக்கித்தான்டா எனக்குத் தெரிஞ்சிது.” முருகேசனை ஒருமுறை பார்த்தார். “வூட்ல வாசி. அப்பா லீவுல வூட்ல இருக்கிற அன்னிக்கி மட்டும் வாசி.”

 

வெளியே வந்து பாபுவிடம் ஒரே ஒரு தகவல் சொன்னேன் — முருகேசனின் வார லீவு எந்தக் கிழமை, அன்று கஜா வீட்டில் எந்தப் பாட்டு என்று. மனிதன் சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான், ஏழு தட்டில்.