பப்பியின் சொந்தக்காரன்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்து பதுளையில் இருக்கிற எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பேசுவேன், சந்தையில் பேரம் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எழுத்தைக் கண்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இது வெளியே தெரியாமலிருக்க ஒரு முறை வைத்திருந்தேன். படிவம் கைக்கு வந்ததும் கண்ணாடியைப் போடுவேன். வரிவரியாக விரலை ஓட்டுவேன். நடுவில் ஓரிடத்தில் புருவத்தைச் சுருக்குவேன். பிறகு கையெழுத்து. தொழில் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று பாடவேளை 'கிரகித்தல்', அதாவது வாசித்து விளங்கிக்கொள்வது எப்படி என்று நடத்துகிறேன்.

போன வாரம் ஓர் அரசாங்கக் கந்தோரில் படிவம் நீட்டினார்கள். கண்ணாடியை எடுக்கவில்லை. "எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பிள்ளை கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். வரிசையில் நின்றவர்கள் பார்வையாலேயே என் முதுகில் ஓட்டை போட்டுவிட்டார்கள். பரவாயில்லை. இந்த ஞானம் எனக்கு ஒரு நாயால் வந்தது.

பப்பி, பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயா, பண்டா மாத்தயாவின் நாய். குட்டியாக வந்தபோது பப்பி என்று கூப்பிட்டார்கள். வேறு பெயர் வைக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பதின்மூன்று வயதில், மூஞ்சி நரைத்து, படியேறினால் என்னைப் போலவே மூச்சு வாங்கிய காலத்திலும் பப்பிதான். காலையில் ரொட்டி விற்கிற பாண் ஓட்டோவின் பாட்டு வளைவில் கேட்டதும், வேலி ஓட்டையில் முதலில் மூக்கு வரும். எனக்கொரு மாலுபாண், அவனுக்கொரு மாலுபாண். உள்ளேயிருக்கிற மீனை நோண்டித் தின்றுவிட்டு, பாணை எனக்கு மரியாதைக்காக மெல்லுவான்.

"கட்டின பொண்டாட்டி டீ குடிச்சாளான்னு கேக்கத் தெரியல, ஊரான் நாய்க்கு மாலுபாண்" என்பாள் மனைவி. 'ஊரான் நாய்' என்பதுதான் குத்தும். அவன் என் நாயாக இருந்திருக்கலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

மாத்தயா தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் கற்ற தமிழில் அவர் பேசுவார். நான் சிங்களத்தில் பதில் சொல்வேன். அது மரியாதையா, இரண்டு கிழடுகளின் பீற்றலா என்று இன்றைக்கும் தெரியாது.

போன மாரியில் பப்பி மீனை நோண்டுவதை விட்டான். பிறகு பாணையும். வயிற்றில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. டவுனிலிருந்த மிருக வைத்தியர் பார்த்துவிட்டு மாத்தயாவோடு நெடுநேரம் போனில் பேசினார். மாத்தயா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "டொக்டர் வேண்டியத செய்றேன்னு சொன்னாரு மாஸ்டர். ஒரு கையெழுத்து கேப்பாங்க. எனக்கு ஏலாது. நீங்க கூட்டிட்டுப் போங்க."

கட்டியை வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஓட்டோவில் என் மடியில் தலை வைத்து வந்தான். பேக்கரியைத் தாண்டும்போது மூக்குக்கூட அசையவில்லை. "வெறும் வயிறா இருந்தாத்தான்டா ஒப்பரேசனுக்கு நல்லது" என்று அவனுக்குத் தைரியம் சொன்னேன்.

படிவம் வந்தது. கண்ணாடி, விரல், புருவம். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். "நாய்க்குச் சொந்தக்காரர் நீங்கதானே?" என்று உதவிக்கு நின்ற பெண் சிங்களத்தில் கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி இனித்தது. ஆமென்று தலையாட்டி, அவள் காட்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன். "முழுக்க வாசிச்சீங்களா? சம்மதம்தானே?" என்றார் டாக்டர். அதற்கும் தலையாட்டினேன்.

தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். என் கை என்பதால் அவன் அசையவில்லை. ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, "எத்தனை மணிக்கு எழும்புவான்?" என்று என்னுடைய அழகான சிங்களத்தில் கேட்டேன். டாக்டர் கையுறையைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது மாத்தயா வெள்ளை உடுத்தி, பன்சலையில் புத்தரைக் கும்பிட்டுவந்த பூவாசத்தோடு கேற்றடியில் நின்றார். "வலி இல்லாமப் போனானா மாஸ்டர்?"

அப்படியானால் தெரிந்தே அனுப்பியிருக்கிறார். உயிரெடுத்த பாவம் தன்மேல் வேண்டாமென்று, என்னைச் சொந்தக்காரனாக்கிவிட்டு விளக்கேற்றப் போயிருக்கிறார். அவர் என்னை ஏமாற்றினார். என் கையை நம்பிய ஒரே ஜீவனை நான் ஏமாற்றினேன். அன்றைக்கே வேலி ஓட்டையில் ஒரு தகரத்தை வைத்து ஆணி அடித்தேன். எட்டு மாதம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது அந்தத் தகரம் துருப்பிடித்துவிட்டது. அந்தப் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. வாங்க ஆளில்லாததால் பாண் ஓட்டோ வளைவிலேயே திரும்பிவிடுகிறது. மாலுபாண் வாசம் இந்தப் பக்கம் வருவதில்லை. மாத்தயா மொனராகலையில் மகளோடு இருக்கப் போய்விட்டார். லொறியில் சாமான் ஏற்றிய அன்று, சொல்லிக்கொள்ள வந்து படியில் நின்றார். முதல் தடவையாக அவரிடம் தமிழில் பேசினேன்.

"ஏன் மாத்தயா எங்கிட்ட மறைச்சீங்க?"

அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "மறைக்கலியே மாஸ்டர். சொல்ல எனக்கு வாய் வரல, அது பொய்யில்ல. பேப்பர்லதான் எல்லாம் இருக்கே, மனசு வரலன்னா நாயத் திருப்பிக் கொண்டாந்துருவீங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான மரியாதையோடு சொன்னார்: "டொக்டரே சொன்னாரு. இத்தன வருசத்துல அந்தப் பேப்பர கண்ணாடி போட்டு, ஒரு வரி விடாம வாசிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தானாம்."