காற்றடிக்கிற கை

மகனுடைய இந்தக் கனடா வீட்டில் தரையிலிருந்து சூடான காற்று வருகிறது. நடக்கிற இடத்தில் ஒரு இரும்புச் சல்லடை. அதற்குள்ளிருந்து உஸ்ஸென்று மூச்சு. கொஞ்ச நேரம் விடும், நிற்கும், மறுபடி விடும். வந்த புதிதில் பாம்போ என்று காலைத் தூக்கிக்கொண்டேன். இப்போது அதன் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்காருகிறேன். ஆர்மோனியத் துருத்தியின் மூச்சு அப்படியே இருக்கிறது. அது கேட்டால் என் இடது கை தானாக முழங்காலில் அசையும்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "பெயின்?" என்று கையைத் தொட்டாள். "நோ பெயின். மை ஹஸ்பெண்ட்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அவள் முகம் மாறி, யாரையோ தேடுகிறவள் போல வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் ஒரு தைலக் குப்பியோடு வந்து நின்றாள். நல்லவள். அவளுக்கு எப்படிச் சொல்ல?

எங்கள் வீட்டுக்காரர் விளாத்திகுளம் பக்கம் மானாவாரியில் மிளகாயும் பருத்தியும் போட்டவர். விடியுமுன் ஜெபம், அப்புறம் ஆர்மோனியப் பெட்டி, அதற்கப்புறம்தான் காட்டு வேலை. பிள்ளைகள் வந்து உட்காராமல் ஒரு வாய் சோறு உண்ணமாட்டார். காய்ச்சல் கண்ட பிள்ளையை மடியில் போட்டு, அதன் முதுகிலேயே விரலோட்டித் தூங்கவைப்பார். கோவில்பட்டியில் மிளகாய் நல்ல விலைக்குப் போன வருஷம் வாங்கிய பெட்டி அது.

எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலை வேதக்கோயிலில் காணிக்கை வைப்போம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். வைத்தவர் திரும்ப எடுப்பது வழக்கமில்லை. மழை பொய்த்த ஒரு வருஷம் எங்களுக்கு வைக்க ஒரு மிளகாய்கூட இல்லை. இவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"அடுத்து பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போவியளா?" என்றேன்.

"ஏட்டி, நெலம் குடுக்கலன்னா நான் குடுக்கக்கூடாதா?"

ஏலத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்தார். "இதை எடுத்து என் மாட்டுக்கா வாசிக்க? ஊரு சேந்து எடுத்துக்கிடுதோம், கோயில்லயே கெடக்கட்டும். வாசிக்கிற ஆளையும் சேத்து ஏலம் விடுங்கய்யா!"

"ஆளு என் ஆளு. ஏலத்துக்கு இல்ல" என்றேன், பெண்கள் பக்கமிருந்து. கோயிலே சிரித்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குப் பெட்டி. மற்ற நாளில் வீட்டில் அரிசி புடைக்கிற சுளகைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் விரலோட்டுவார். "காத்தடி ஏட்டி" என்பார். இல்லாத துருத்தியை நான் அடிப்பேன். அவர் வாயால் பாடுவார். சாகிற வாரம்கூடச் சுளகைக் கேட்டார்.

போன மாதம் ஊரிலிருந்து கோயில் உபதேசியார் போன் பண்ணினார். "அம்மா, கோயிலுக்குக் கீபோர்டு வாங்கியாச்சி. பெட்டி சும்மாதான் கெடக்கு. ஒங்க மகன் கேக்காவ. குடுத்து விடவா?"

மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா பெட்டிம்மா. இங்கன ஒங்க பக்கத்துல இருக்கட்டும்."

'அனுப்புங்க' என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. இந்தப் பனிக்குள் அதன் மரத்தையாவது தடவிக்கொண்டிருக்கலாம். விழுங்கிக்கொண்டேன்.

"காணிக்கை வச்சதைத் திரும்ப வாங்கிட்டு, நாளைக்கு மேல போயி அவிய மொகத்துல எப்படி முழிப்பேன்? அங்கனயே இருக்கட்டும் அய்யா. ஆனா பூட்டி வச்சிராதிய, எலி துருத்தியைத் தின்னுரும். ஆராதனை முடிஞ்சி ஒரு பாட்டு அதுல வாசிங்க."

அடுத்த ஞாயிறு அங்கே சாயங்காலம், இங்கே காலை. உபதேசியார் போனைப் பெட்டிமேல் வைத்தார். யாரோ புதுக் கை. விரல் சரியாகத்தான் ஓடியது, காற்றுத்தான் போதவில்லை. பாதி அடியில் பாட்டு சோர்ந்து இறங்கியது.

"காத்தடிங்கய்யா!" என்று கத்திவிட்டேன். அங்கே கேட்டதோ என்னவோ. தரைச் சல்லடையும் அந்நேரம் மூச்சை நிறுத்தியிருந்தது. மகன் போனை என் காதோடு பிடித்துக்கொண்டான். பாட்டு முடியும்வரை நான் இங்கிருந்து முழங்காலில் அடித்துக்கொண்டே இருந்தேன்.