ஓடைக்கரை டப்பாக்கள்

வெள்ளை மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எங்கே பார்த்தாலும் எனக்கு முடிச்சூர்ப் பக்கத்து ஓடைக்கரைதான் நினைவுக்கு வருகிறது. இரண்டாயிரங்களின் நடுவில் தாம்பரத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். கரையோரக் குடிசைகளில் பலருக்கு ஓயாத வயிற்றுவலி. குடலில் தட்டைப்புழுவாக இருக்கும் என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார். வீட்டுக்கு வீடு டப்பா கொடுத்து, பரிசோதிக்க மலம் வாங்கி வருவது என் வேலை. வாசலில் நின்று அதைக் கேட்டுக் கேட்டே எனக்கு வெட்கம் விட்டுப்போயிருந்தது.

அந்தக் கரையில் ஓர் அக்கா இருந்தாள். ஓடையில் இடுப்பளவு இறங்கி அல்லிப்பூ பறித்து மார்க்கெட்டில் விற்பாள். பறிக்கும்போதே தண்டைப் பல்லால் உரித்து மென்றுகொண்டிருப்பாள். பாதி நாள் அதுதான் காலைச் சாப்பாடு. புழு உள்ளே போகிற வழியும் அதுவே. முகம் வெளுத்து, வயிறு உப்பி, பூக்கூடையைத் தூக்கவே மூச்சு வாங்கினாள். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் அவள் டப்பா சுத்தம். குழந்தைகள் சிலருக்குப் புழு முட்டை தெரிந்தது. பெண்கள் ஒருவருக்கும் இல்லை. முட்டை இல்லையென்றால் மாத்திரையும் இல்லை.

அக்காவிடமே நேரில் போய்க் கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இருட்டுல கும்பலா கரைக்கு ஒதுங்கப் போவோம் சிஸ்டர். எல்லார் எதுர்லயும் டப்பாவ எப்டி எடுக்கறது? எங்கூட்டுக்காரர்தான் எனக்கும் சேத்துப் போட்டுக் குட்தாரு."

மற்ற வீடுகளிலும் அதே கதைதான். ஓடையில் இறங்காமல், அல்லித்தண்டும் தின்னாமல், டீக்கடையில் சாப்பிட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போகிற ஆண்களின் வயிற்றைத்தான் நான் கண் வலிக்கப் பார்த்திருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

டாக்டரம்மா அக்காவை மருத்துவமனைக்கு வரச்சொல்லி, அங்கிருந்த கழிவறையைத் திறந்துவிட்டார். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. அன்று முட்டைகள் தெரிந்தன. மாத்திரை சாப்பிட்டாள், முகம் தெளிந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே வயிற்றோடு திரும்பி வந்தாள்.

இப்போது அந்தக் கரையில் அடுக்குமாடிகள். படுக்கையறைக்கு ஒரு கழிவறை என்று விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். அக்காவையும் மற்றவர்களையும் எங்கே அனுப்பினார்களோ, தெரியவில்லை.

இரண்டாவது முறை வந்த அன்று டாக்டரம்மா அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னார். கரையில் கழிப்பது மழையில் ஓடைக்குப் போகிறது, நத்தைக்குள் வளர்கிறது, அல்லித்தண்டில் ஒட்டிக்கொண்டு மறுபடி வயிற்றுக்கே வருகிறது என்று. அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு கழிவறைக் கதவைக் காட்டினாள்.

"அப்போ மாத்திர இருக்கட்டும்மா. இந்த ரூம் மாதிரி ஒண்ணு எங்க கரையில கட்டிக் குடுங்க."

டாக்டரம்மா மாத்திரையைத்தான் கொடுத்தார். எங்களிடம் அதுதான் இருந்தது.