முயல் பிடிப்பவர் வீட்டு முயல்

பின்டாரா வட்டாரத்தில் கிளாரி ஹாப்ஸ் கொன்ற முயல்களுக்குக் கணக்கே கிடையாது. பதினாலு வயதில் பொறி வைக்க ஆரம்பித்தவர். அறுபத்து மூன்று வயதுக்குள் வலை, துப்பாக்கி, வளைகளை உழுது மூடும் டிராக்டர் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. முயல்கள் மேய்ந்ததுபோக ஆடுகளுக்கு ஒரு வாய்ப் புல் மிஞ்சுகிறதென்றால் அது கிளாரியின் புண்ணியம் என்று பண்ணைக்காரர்களே சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டில் ஒரு முயல் செல்லமாக வளர்ந்தது. பெயர் பட்டன்.

காரணம் மனைவி வெர்னா. போன வருஷம் பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. பயிற்சிக்கென்று நர்ஸ் கொடுத்த ரப்பர் பந்தை இடது கையால் ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். மகள் கொண்டுவந்து மடியில் விட்ட முயலைத் தடவத்தான் அந்த வலது விரல்கள் முதன்முதலில் அசைந்தன. கை மடியைத் தாண்டி எழவில்லை, ஆனாலும் அசைந்தது. அன்றைக்குக் கிளாரி கொட்டகைக்குப் போய்த் தனியாக அழுதார். ஊரில் யாராவது கேட்டால் மட்டும், "அது வெர்னாவோட முயல். எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல" என்பார்.

மார்ச் மாதம் காட்டு முயல்களை ஒழிக்கப் புது வைரஸ் வந்தது. முதலில் வெறும் கேரட் துண்டுகளைப் போட்டு முயல்களைப் பழக்க வேண்டும். பழகியபின் வைரஸ் கலந்த துண்டுகள். எந்த வளையில் எத்தனை இருக்கும் என்பது கிளாரிக்குத்தான் தெரியும். வேலை அவர் தலையில் விழுந்தது. வீட்டு முயல்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடச் சொல்லி ஒரு நோட்டீஸும் வந்தது.

மூன்று வாரம் அந்த நோட்டீஸ் ஃப்ரிஜ் கதவில் தொங்கியது. கால்நடை டாக்டர் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார் என்பது வெறும் சாக்கு. அங்கே காத்திருக்கும் அறை முழுக்கப் பண்ணைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கொரு ஆட்டு நாயோடு. நடுவில் மடியில் முயலோடு கிளாரி! சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களே.

"உனக்கு மானம் பெருசா, என் கை பெருசாய்யா?" என்று வெர்னா ஒருநாள் கத்தினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும் முன்பே போய், பின்வாசல் வழியாக நுழைந்து, பட்டனுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "இது வேலை செய்யப் பத்து நாளாகும். அதுவரைக்கும் ஈகூட கிட்ட வராம பாத்துக்குங்க" என்றாள் டாக்டரம்மா. வைரஸ் போட வேண்டிய தேதியோ ஆறாம் நாள். தள்ளிவைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கிளாரி வாயைத் திறக்கவில்லை.

ஆறாம் நாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டு வளைகளில் வைரஸைப் போட்டார். போட்ட கையுறைகளை எரித்தார். பூட்ஸை வாசலிலேயே கழற்றி ப்ளீச்சில் ஊறவைத்தார். ஜன்னல்களில் வலை அடித்து, நாய் ஸ்கிப்பைக் கொட்டகையில் கட்டிப்போட்டார். இனி பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எட்டாம் நாள் அவர் வீடு திரும்பியபோது வெர்னாவின் முகம் வெளுத்திருந்தது. "ஸ்கிப் ஊளையிட்டுக்கிட்டே இருந்துச்சு, கிளாரி. மகளத்தான் அவுத்துவிடச் சொன்னேன். நேரா மேட்டுக்கு ஓடிட்டுது." அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் நாற்காலியின் காலடியில் செத்த காட்டு முயல் ஒன்று கிடந்தது. கிடைப்பதைக் கவ்விவந்து காலடியில் போட வேண்டும் என்று அந்த நாயை ஏழு வருஷம் பழக்கியவர் அவரேதான். போட்ட கையோடு, எப்போதும்போல, மடியிலிருந்த பட்டனின் மூக்கை நக்கிவிட்டும் போயிருந்தது.

இரண்டு நாள். கிளாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணிக்கொருதரம் குனிந்து முயலின் மூச்சைப் பார்த்தார். அது தின்றது, காதைச் சொறிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம்தான் கூடியது. இந்த நோய் சொல்லிவிட்டு வராது என்பது அவருக்குத் தெரியும். வெர்னா பேச்சையே நிறுத்திவிட்டாள். அதுதான் இன்னும் பெரிய பயம்.

பத்தாம் நாள் காலையில் பட்டன் தின்னவில்லை. கிளாரி அதைத் தன் கோட்டுக்குள் பொதிந்துகொண்டு எண்பது கிலோமீட்டரும் பறந்தார். இந்தத் தடவை முன்வாசல். அறை நிறைய ஆட்கள். ராஸ் டல்லோ, அவர் வைரஸ் போட்ட நிலத்தின் சொந்தக்காரன், வாயெல்லாம் பல்லாக எழுந்தான்.

"டேய் கிளாரி! மேடெல்லாம் செத்துக் கெடக்குதுடா, பிரமாதம் போ! இதென்ன, மிச்சம் ஒண்ண வைத்தியத்துக்குத் தூக்கிட்டு வந்துட்டியா? யாரு முயலு?"

அறையே சிரித்தது.

"என்னோடது" என்றார் கிளாரி.

கோட்டுக்குள் முயல் ஒருமுறை முறுக்கிக்கொண்டு கீச்சென்று கத்தியது. அவ்வளவுதான். மூக்கில் ஒரு சொட்டு ரத்தம். ஆயிரக்கணக்கில் பார்த்த சாவுதான். ஆனாலும் அவர் அந்தச் சொட்டை விரலால் துடைத்துவிட்டார். சிரிப்பு நின்றது. ராஸ் தொப்பியைக் கழற்றினான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா? ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்போமே. எனக்கென்ன அவ்வளவு அவசரம்?"

 கிளாரி கோட்டை மூடிக்கொண்டு வண்டிக்குப் போனார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது வெர்னா ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் அவள் கை எழுந்தது. வலது கை. தோளுக்கு மேலே உயர்ந்து, விரல்களை விரித்து, என்னாச்சு என்று கேட்டது. தன் கை எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

கிளாரி என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.