வாசனை தெரியாமல் ஊற்றிய ஒயின்

கலிபோர்னியாவின் லிவர்மோரில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் ஒயினரி. கோயம்புத்தூரில் கெமிஸ்ட்ரி படித்தவள் நான். கிரீன் கார்டு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. திராட்சையில் சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, பீப்பாயில் இருப்பது கெடாமல் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். மாமியாரிடம் லேப் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். அது பொய்யும் இல்லை.

நான் குடிப்பதில்லை. ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவேன். பெரும்பாலும் முகர்வதோடு சரி. என் மூக்கு கூர்மையானது என்று கண்டுபிடித்தவர் முதலாளிதான். எழுபதைத் தாண்டிய அமெரிக்கர், அதிகம் பேசமாட்டார். சில வருடங்களுக்கு முன் ஓர் அறுவடைக்கு எல்லாமே கூடிவந்தது. செப்டம்பரில் வெயில் கொளுத்தவில்லை, இரவுகள் நன்றாகக் குளிர்ந்தன, காட்டுத்தீப் புகை இந்தப் பக்கம் வரவேயில்லை. இப்படி ஒரு பழத்தைத் தான் பார்த்ததில்லை என்றார் அவர். மூன்று வகைத் திராட்சைகளின் ஒயினை எந்த அளவில் கலப்பது என்று வாரக்கணக்கில் இருவரும் சின்னச் சின்ன கிளாஸ்களில் கலந்து முகர்ந்தோம். கடைசியில் இரண்டு கலவைகள் மிஞ்சின. நான் கை காட்டியதை அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த ஒயினை வெளியிட நான்கு மாதம் இருந்தபோது என் பையன் ஸ்கூலிலிருந்து ஒரு ஜுரத்தைக் கொண்டுவந்தான். அவனுக்கு மூன்று நாளில் சரியானது. எனக்கு ஜுரம் விட்டது, ஆனால் வாசனையும் கூடவே போய்விட்டது. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தானாகத் திரும்பும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

முதலாளியிடம் சொல்லிவிடு என்று கணவர் தினமும் சொன்னார். நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்கென்று அங்கே என்ன மிஞ்சும் என்று பயம். முதலாளி எதையாவது முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கும்போது, அவர் முகத்தைப் படித்துத் தலையாட்டினேன். வேலையைவிட அந்த நடிப்புதான் என்னை அடித்துப்போட்டது. வீட்டுக்கு வந்தால் சோஃபாவில் செருப்போடு படுத்துக்கிடப்பேன்.

வெளியீடு ஒரு சனிக்கிழமை. ஆள் போதாததால் வருகிறவர்களுக்கு ஒயினை ருசி காட்டும் டேஸ்டிங் ரூமில் என்னையும் ஊற்ற நிறுத்தினார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் திறந்ததும் முகர்ந்து பார்த்து, நன்றாக இருந்தால்தான் ஊற்ற வேண்டும். நான் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, ஊற்றினேன். கருப்பு பிளம், கொஞ்சம் கோகோ, லேசாகப் புகையிலை என்று என் பழைய நோட்டில் எழுதியிருந்ததை ஒப்பித்தேன். மத்தியானத்துக்குள் கால் இரண்டும் வீங்கிவிட்டன.

மூன்று மணிவாக்கில் வெளி மேசைக்கு இரண்டு தமிழ்த் தம்பதிகள் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒரு பெண்ணைக் கோயில் சமையற்கட்டில் காய் நறுக்கும்போது பார்த்திருக்கிறேன். டிரைவ் பண்ண வேண்டும் என்று அவள் குடிக்கவில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தாள். மற்றவர்கள் கிளாஸைச் சுழற்றி முகர்ந்து பிரமாதம் என்றார்கள். நான் கவுண்டருக்குத் திரும்பியபோது அவள் பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒயின் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா அதுல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்குது. எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்க, அதான் அங்க ஒண்ணும் சொல்லல.”

கார்க் கெட்டுப்போன பாட்டிலில் அந்த வாடைதான் வரும். இந்தத் தொழிலில் முதல் வாரமே கற்றுக்கொடுப்பது அது.

“எனக்கு வாசனையே தெரியறதில்லைங்க. நாலு மாசமாச்சு,” என்றேன்.

“அப்போ காலையிலேர்ந்து?”

“சும்மா ஊத்திட்டிருக்கேன்.”

அவள் ஹேண்ட்பேகைக் கவுண்டருக்கு அடியில் வைத்துவிட்டு, “ஒவ்வொண்ணா ஓபன் பண்ணுங்க, நான் செக் பண்ணி சொல்றேன்” என்றாள். முதலில் அவர்கள் மேசைக்கு வேறு பாட்டில் போனது. பிறகு ஒரு மணி நேரத்துக்குமேல் அவள் என் பக்கத்தில் நின்று முகர்ந்துகொண்டிருந்தாள். இன்னொரு பாட்டிலையும் ஒதுக்கினாள். இடையில், நல்ல ஒயின் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நாவப்பழம் மாதிரி இருக்கு. அப்புறம் புது புக் பிரிச்சா ஒரு ஸ்மெல் வருமே, அதுவும்” என்றாள். நான் கலந்த ஒயினைப் பற்றி அன்று எனக்குத் தெரியவந்தது அவ்வளவுதான்.

பாட்டில் எடுக்க வந்த முதலாளி, வாடிக்கையாளர் ஒருத்தி கவுண்டருக்குள் நிற்பதைப் பார்த்தார். ஒதுக்கி வைத்திருந்த பாட்டிலை எடுத்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவரைப் பீப்பாய்கள் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார். காலையில் எத்தனை கெட்ட பாட்டில் ஊற்றியிருப்பேன் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். மூக்கு போனதற்கு நான் பொறுப்பில்லை, தன்னிடம் சொல்லாததற்கு நான்தான் பொறுப்பு என்று மெதுவாகச் சொன்னார். மிச்ச நேரத்தையும் முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டு, அவரே போய் ஊற்ற நின்றார்.

திங்களன்று என் வேலை வாரத்துக்கு மூன்று நாளானது. லேபில் அளவு பார்ப்பது மட்டும்தான். அடுத்த கலவையை வேறொருவரோடு பார்ப்பதாகச் சொன்னார். அது நியாயம்தான். வாதாட எனக்குத் தெம்பும் இல்லை. அந்த ஒயின் சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது. பாட்டில் கெட்டிருந்தது என்று ஒருவர்கூட எழுதவில்லை. யாராவது எழுதியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது வாசனை பாதி திரும்பியிருக்கிறது, அதுவும் தப்பாக. காபி எரிந்த ரப்பராக மணக்கிறது. அந்தப் பெண் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். போன மாதம் கோயில் சமையற்கட்டில் வாசனை போனதை நானே சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆன்டி நிமிர்ந்து பார்த்தார். தனக்கும் அப்படித்தான் என்றார். இரண்டு வருடமாகக் குத்துமதிப்பாகத்தான் சாம்பார் வைக்கிறாராம், வீட்டில் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லையாம்.